விண்சுற்றில் பொழுதும் திசையும்

பன்னாட்டு விண்வெளி நிலையம் தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். 24 மணி நேரத்துக்குள் அங்கே இருப்பவர்களுக்குச் சூரியன் 16 முறை உதிக்கிறது, 16 முறை மறைகிறது. விடியுமுன் எழுந்து தொழு, பொழுது சாய்ந்ததும் நோன்பு திற, வெள்ளி அந்தியில் வேலையை நிறுத்து என்று பொழுதை வைத்தே கடமைகளை வகுத்த சமயங்களுக்கு இந்தச் சின்னக் கணக்கு பெரிய சிக்கல். கண்ணில் படும் ஒவ்வொரு விடியலையும் விடியலாகவே எடுத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 80 வேளை தொழ வேண்டியிருக்கும். நோன்பு முக்கால் மணி நேரத்தில் முடிந்துபோகும். யூதரின் ஓய்வுநாள் பத்தரை மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து, ஒன்றரை மணி நேரம் தங்கிவிட்டுப் போகும்.

2023-ஆம் ஆண்டு இந்தச் சிக்கலைப் பார்க்க நல்ல களம். அவ்வாண்டில் உலகம் முழுவதும் சுற்றுப்பாதையை நோக்கி 220-க்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. ஏப்ரல் 20-ல் ஸ்டார்ஷிப் தன் முதல் முழுப் பறத்தலில் கிளம்பிய சில நிமிடங்களில் வெடித்தது. ஜூலை 14-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 புறப்பட்டு, ஆகஸ்ட் 23-ல் நிலவில் இறங்கியது. அதற்கு நான்கு நாள் முன்பு ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதி நொறுங்கியது. பன்னாட்டு நிலையத்திலும் சீனாவின் தியான்குங் நிலையத்திலும் வீரர்கள் அடுத்தடுத்து விண்நடைக்கு வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஐக்கிய அரபு அமீரகத்தின் சுல்தான் அல் நெயாதி. மார்ச் 2-ல் ஏவப்பட்ட அவர் செப்டம்பர் 4-ல்தான் தரை தொட்டார். அந்த ஆண்டின் ரமலான் மாதம் முழுவதும் இந்த ஆறு மாதத்துக்குள் அடங்கியது. பெருநாள் முடிந்து ஒரு வாரத்தில், ஏப்ரல் 28-ல், அமெரிக்க வீரர் ஸ்டீபன் போவெனுடன் அவர் 7 மணி 1 நிமிடம் நிலையத்துக்கு வெளியே வேலை செய்தார். அரபு நாட்டவர் ஒருவர் செய்த முதல் விண்நடை அது. அந்த ஏழு மணி நேரத்தில் மட்டும் நிலையம் பூமியை நான்கு சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கும். பகலும் இரவும் முக்கால் மணிக்கு ஒருமுறை மாறிமாறி அவர் தலைக்கவசத்தின் மேல் விழுந்திருக்கும்.

பொழுதே கேள்வியாகிப்போனது ராக்கெட் வந்த பிறகு நேர்ந்ததல்ல. அதற்கு ஆயிரம் ஆண்டு வயது. 922-ல் பாக்தாத் கலீஃபாவின் தூதுக்குழுவோடு வால்கா ஆற்றங்கரைப் பல்கார் நாட்டுக்குப் போன இப்னு ஃபள்லான், அங்கே தனக்கு நேர்ந்த ஒரு திகைப்பைப் பயணக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பாக்தாத்திலிருந்து வந்து அரசனிடம் வேலை பார்த்த தையற்காரர் ஒருவரோடு கூடாரத்தில் பேசிக்கொண்டு, இரவுத் தொழுகையான இஷாவுக்குரிய பாங்கு என்ற அழைப்புக்காகக் காத்திருந்தார். பேச்சு நெடுநேரம்கூட நீளவில்லை. பாங்கு கேட்டு வெளியே வந்தால் விடிந்திருந்தது. எந்தத் தொழுகைக்கு அழைத்தாய் என்று கேட்டபோது, விடியற்காலைத் தொழுகையான ஃபஜ்ருக்கு என்றார் பாங்கு சொன்ன முஅத்தின். இஷாவை அந்தித் தொழுகையான மஃரிபோடு சேர்த்தே தொழுதுவிடுவதாகவும், இரவு அவ்வளவு குறுகியது என்பதால் ஃபஜ்ரு தவறிவிடுமோ என்ற அச்சத்தில் தான் ஒரு மாதமாகத் தூங்கவே இல்லை என்றும் அவர் சொன்னார். வடக்கே போகப் போகக் கோடைகாலத்தில் அந்திச் சிவப்பு மறைவதற்குள் கீழ்வானம் வெளுத்துவிடும். அந்திச் செக்கர் மறைந்த பிறகே இஷா நேரம் தொடங்குகிறது. அது மறையவே இல்லையென்றால் இஷாவுக்கு நேரமே வரவில்லை என்றுதானே பொருள்?

இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்றான ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் இதை நூற்றாண்டுக் கணக்கில் விவாதித்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் குவாரிஸ்மில் வாழ்ந்த பக்காலியின் முடிவு: நேரம் வராத இடத்தில் கடமையும் இல்லை. அவர் சொன்ன உவமை பிரசித்தமானது. தொழுகைக்கு முன் செய்யும் தூய்மைச் சடங்கான உளூவில் கழுவியோ தடவியோ முடிக்க வேண்டிய கட்டாய உறுப்புகள் நான்கு: முகம், கைகள், தலை, கால்கள். இரு கைகளும் துண்டிக்கப்பட்டவனுக்கு மூன்றுதான் மிஞ்சும். இல்லாத கையைக் கழுவச் சொல்ல முடியாது. அதுபோல இஷாவின் நேரம் இல்லாத ஊரில் நான்கு வேளைத் தொழுகைதான். கேட்பதற்குத் துணிச்சலான வாதம். ஆனால் தர்க்கத்தில் ஓட்டை காண்பது எளிதல்ல.

15-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் இப்னுல் ஹுமாம் அந்த ஓட்டையைக் கண்டார். கை என்பது கழுவ வேண்டிய பொருள். அது போய்விட்டால் கடமைக்கு இடமில்லை. நேரமோ கடமை வந்துவிட்டதைக் காட்டும் அடையாளம் மட்டுமே. அடையாளம் காணவில்லை என்பதற்காக, அது காட்டிய பொருளும் இல்லை என்று சொல்ல முடியாது. நாளுக்கு ஐந்து வேளை என்பது வேறு ஆதாரங்களால் உறுதிப்பட்டது. அவர் சுட்டிய ஆதாரங்களில் ஒன்று, இறுதிக்காலப் பொய்யனான தஜ்ஜால் வரும் காலத்தைப் பற்றிய ஹதீஸ், அதாவது நபிமொழி. அப்போது ஒரு நாள் ஓர் ஆண்டுபோல நீளும் என்று நபி சொன்னபோது, அந்த நாளில் ஒரு நாளைக்குரிய தொழுகை போதுமா என்று தோழர்கள் கேட்டார்கள். போதாது, கணித்துத் தொழுங்கள் என்ற பொருளில் விடை வந்தது. கிளர்ச்சியூட்டும் இறுதிக்காலச் செய்தி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், தொழுகை நேரத்தைப் பற்றி உடனே ஐயம் கேட்டது வேடிக்கையாகத் தோன்றலாம். துருவப் பகுதிக்கும் விண்வெளிக்கும் இன்று தரப்படும் விடைகளெல்லாம் அந்த ஓர் ஐயத்தில்தான் ஊன்றி நிற்கின்றன. 1870-ல் கசான் நகரத் தாத்தாரிய அறிஞர் ஷிஹாபுத்தீன் மர்ஜானி, செக்கர் மறையாவிட்டாலும் இஷா கடமையே என்று தனி நூலே எழுதினார்.

இரு தரப்பின் வாதத்தையும் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோனால் வேறுபாடு தெளிவாகிறது. பொழுதுதான் கடமையைப் பிறப்பிக்கிறது என்றால், பல்காரில் ஒரு வேளையைக் குறைத்த அதே தர்க்கம் விண்ணில் 75 வேளையைக் கூட்டிவிடும். பொழுது வெறும் அடையாளம் என்றால், சூரியன் எத்தனை முறை வந்து போனாலும் கடமை ஐந்துதான். நேரத்தைக் கணித்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. விண்வெளிக்காகத் தரப்பட்ட தீர்ப்புகள் இப்னுல் ஹுமாமின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. ஆனால் கணிப்பு என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வி தவிர்க்க முடியாதது: எந்த ஊரின் நேரப்படி கணிப்பது? இங்கே கேள்வி வானியலை விட்டு இறங்கி, அந்த மனிதர் எந்தத் தரையைச் சேர்ந்தவர் என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

மலேசியா இதற்கு எழுத்தில் விடை தந்தது. ஷேக் முஸாஃபர் ஷுக்கூர் என்ற எலும்பு மருத்துவரை விண்ணுக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தபோது, 2006-ல் அந்நாட்டு விண்வெளி முகமை அறிவியலாளரையும் மார்க்க அறிஞரையும் கூட்டிக் கருத்தரங்கு நடத்தியது. அடுத்த ஆண்டு, மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தேசிய ஃபத்வா மன்றம் ஒரு சிறு கையேட்டுக்கு ஒப்புதல் தந்தது. தொழுகை நேரம் ராக்கெட் கிளம்பும் இடத்தின் நேரம். அவர் விஷயத்தில் கஸகஸ்தானின் பைக்கனூர். பயணி என்பதால் தொழுகையைச் சுருக்கவும் சேர்க்கவும் செய்யலாம். நோன்பை ஊர் திரும்பிய பின் வைத்துக்கொள்ளலாம். தண்ணீரைச் சிந்த வழியில்லாத இடத்தில் உளூவுக்குப் பதில் தயம்மும் என்ற மாற்றுச் சடங்கு. அதற்கு மண் வேண்டும், மண்ணும் இல்லாத இடத்தில் சுத்தமான பரப்பைக் கையால் தட்டினால் போதும். எடையற்ற நிலையில் நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும், பிறகு கண் அசைவாலும் தொழலாம். நோயாளிக்காக எழுதப்பட்ட பழைய சலுகைப் பட்டியலேதான் இது. படுக்கையில் கிடப்பவருக்குப் பதிலாக மிதப்பவர் வந்திருக்கிறார்.

தொழும்போது மக்காவிலுள்ள கஃபாவை நோக்க வேண்டும் என்ற திசை விதி பற்றிய பகுதி இன்னும் சுவையானது. நிலையம் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. ஐந்து நிமிடத் தொழுகை முடிவதற்குள் 2,000 கிலோமீட்டருக்கு மேல் தாண்டிவிடும். தக்பீர் கட்டும்போது முன்னால் இருந்த மக்கா, ஸலாம் கொடுக்கும்போது பின்னால் போயிருக்கலாம். கையேடு நான்கு படிகளை வரிசையாகச் சொன்னது. முடிந்தால் கஃபாவை நோக்க வேண்டும். இல்லையேல் கஃபாவுக்கு நேர் மேலே விரியும் வெளியை. அதுவும் இல்லையேல் பூமியை. எதுவும் இயலாவிட்டால் எந்தத் திசையையும். இரண்டாம் படி புதுக் கற்பனை அல்ல. மக்காவை ஒட்டிய அபூ குபைஸ் குன்றில் நின்று தொழுபவர் கஃபாவைவிட உயரத்தில் இருக்கிறார். அவர் எதை நோக்குகிறார் என்ற கேள்விக்கு, கட்டடம் மட்டுமல்ல, அதன் மேல் வானம்வரை உள்ள வெளியும் கிப்லாவே, அதாவது தொழும் திசையே என்று பழைய சட்ட நூல்கள் விடை சொல்லியிருக்கின்றன. குன்றுக்குச் சொன்ன விடையை 400 கிலோமீட்டருக்கு நீட்டியதுதான் புதிது. முஸாஃபர் 2007 அக்டோபர் 10-ல், ரமலானின் கடைசி நாள்களில், சோயூஸ் விண்கலத்தில் ஏறினார். பெருநாளை விண்ணிலேயே கொண்டாடினார்.

அல் நெயாதி 2023-ல் எடுத்த நிலை இதைவிட எளியது. விண்வெளி வீரர் முஸாஃபிர், அதாவது பயணி. எனவே நோன்பு தனக்குக் கட்டாயம் இல்லை. உடல் இடம் கொடுத்தால் நோற்கலாம். பணிக்கோ உடனிருப்பவர்களுக்கோ கேடு வரும் என்றால் உண்ணலாம் என்று புறப்படும் முன்பே சொல்லிவிட்டார். நோற்பதானால் நிலையத்தின் கடிகாரமான கிரீன்விச் நேரப்படி நோற்கலாம் என்றார். பைக்கனூர் நேரம் ஒரு விடை என்றால் கிரீன்விச் இன்னொரு விடை. மூன்றாவதாகச் சொந்த நாட்டு நாள்காட்டியும் குறுக்கே வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 20-ல் சூரிய கிரகணம், அமாவாசை அன்றுதான். அன்று மாலையே பிறை கண்டதாக அறிவித்து சவூதியும் அமீரகமும் 21-ல் பெருநாள் கொண்டாடின. இந்தியாவிலும் மலேசியாவிலும் 22-ல்தான் பெருநாள். நிலையம் இந்த நாடுகளின் மேல் ஒரே நாளில் பலமுறை பறந்தது. கீழே ஒரு நாட்டில் பெருநாள் தொழுகை, பக்கத்து நாட்டில் இன்னும் நோன்பு. அதிலிருந்த அரபு வீரர் தன் நாட்டோடு பெருநாள் வாழ்த்துச் சொன்னார். அவர் பார்த்த வானம் எந்த நாளையும் சொல்லவில்லை. எந்த நாளென்று அவருக்குச் சொன்னது அவருடைய சமூகம்.

யூத மரபிலும் இதே முடிச்சு உண்டு. நூல் மட்டும் வேறு. பாலைவனத்தில் அலைந்து நாள்கணக்கை இழந்தவன் ஓய்வுநாளை எப்படி அனுசரிப்பது என்ற கேள்வி யூதரின் சட்ட நூலான தல்மூதில் வருகிறது. ஆறு நாள் எண்ணி ஏழாம் நாளை அனுசரிக்கட்டும் என்பது ஒரு கருத்து. முதலில் ஒரு நாளை அனுசரித்துவிட்டு ஆறு எண்ணட்டும் என்பது மற்றொன்று. முன்னது உலகம் படைக்கப்பட்ட வரிசை. பின்னது வெள்ளியன்று படைக்கப்பட்டு, கண் விழித்ததும் ஓய்வுநாளைக் கண்ட ஆதாமின் வரிசை. 1941-ல் இந்த விவாதம் ஏட்டை விட்டு வெளியே வந்தது. ஐரோப்பாவிலிருந்து தப்பி ஜப்பானின் கோபே நகரில் தங்கியிருந்த யூத அகதிகள், யோம் கிப்பூர் நோன்பை எந்த நாளில் நோற்பது என்று ஜெருசலேமுக்குத் தந்தி அடித்தார்கள். உலகத் தேதிக்கோடு எங்கே விழுகிறது என்பதில் சமயச் சட்டத்துக்குத் தனிக் கருத்து உண்டு. அதுவும் ஒரே கருத்து அல்ல. ஜெருசலேம் ரபிகள் உள்ளூர்க் கணக்குப்படி புதன் என்றார்கள். கஸோன் இஷ் என்று அறியப்பட்ட ரபி, புதனன்று உண்டு வியாழனன்று நோற்கும்படி பதில் அனுப்பினார். இரண்டு நாளும் பட்டினி கிடந்தவர்களும் உண்டு.

2003 ஜனவரி 16-ல் கொலம்பியா விண்ணோடத்தில் சென்ற இஸ்ரேலியர் இலான் ராமோன் அன்றாட வாழ்வில் சமயச் சடங்குகளில் ஊறியவர் அல்லர். ஆனால் தன் மக்களின் பிரதிநிதியாகப் போவதால் யூத விதிப்படியான கோஷர் உணவும் ஓய்வுநாளும் வேண்டும் என்றார். அவருக்குச் சொல்லப்பட்ட வழி, கிளம்பிய கேப் கனாவரலின் நேரத்தையே கொள்வது. பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் இருந்து தப்பிய யூதரின் வேதமான தோராவின் ஒரு சிறிய சுருளையும் அவர் உடன் கொண்டுபோயிருந்தார். பிப்ரவரி 1-ல் திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறி, அதிலிருந்த எழுவரும் இறந்தனர். அன்று சனிக்கிழமை.

கிறித்தவத்தில் பொழுதைவிடப் பொருளே சிக்கல்: அப்பமும் ரசமும். 1969 ஜூலையில் நிலவில் இறங்கிய பஸ் ஆல்ட்ரின், தன் பிரஸ்பிடேரியன் சபையிலிருந்து கொண்டுபோன அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் எடுத்துத் திருவிருந்து கொண்டார். முந்தைய அப்பல்லோ-8 பயணத்தில் ஆதியாகமம் வாசிக்கப்பட்டதற்காக அமெரிக்க அரசின் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்ததால், இது அப்போது ஒலிபரப்பப்படவில்லை. கத்தோலிக்கரான மைக் ஹாப்கின்ஸ் 2013-ல் ஆறு மாதப் பயணத்துக்கு அர்ச்சிக்கப்பட்ட அப்பங்களை மறைமாவட்ட அனுமதியோடு எடுத்துச் சென்றார். அவ்வாண்டு டிசம்பர் 21, 24 ஆகிய இரு நாள்களிலும் விண்நடைக்கு வெளியேறும் முன் காலையில் நற்கருணை உட்கொண்டதாகப் பின்னர் சொல்லியிருக்கிறார். ரசம் வேண்டியதில்லை, அப்பம் மட்டும் போதும் என்ற பழைய கத்தோலிக்க விதி இங்கே பெரிய வசதி. எடையற்ற இடத்தில் கிண்ணத்தில் ரசம் நிற்காது.

இந்திய மரபில் சடங்கு தொடங்குவதே இடத்தையும் காலத்தையும் அறிவித்துத்தான். அந்த அறிவிப்பான சங்கற்பத்தில் யுகம், வருடம், அயனம், மாதம், திதி, நட்சத்திரத்தோடு ஜம்பூத்வீபம், பரத கண்டம் என்று செய்பவர் நிற்கும் நிலமும் சொல்லப்படுகிறது. அமெரிக்கக் கோயில்களில் ஜம்பூத்வீபத்துக்குப் பதிலாகக் கிரௌஞ்சத்வீபம் என்று மாற்றிச் சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. கடல் தாண்டியவருக்குப் புராணப் புவியியலில் ஒரு தீவு கிடைத்தது. சுற்றுப்பாதைக்கு அதில் இடம் இல்லை. திதியும்கூட அந்தந்த ஊரின் சூரிய உதயத்தை வைத்தே நிச்சயமாகிறது. இதுவரை இந்திய ராக்கெட்டுகளுக்கான வழிபாடு தரையோடு நின்றுவிட்டதால் இந்தச் சிக்கல் எழவில்லை. சந்திரயான்-3 ஏவப்படுவதற்கு முந்தைய நாள் அதன் சிறு மாதிரியோடு இஸ்ரோ அறிவியலாளர்கள் திருமலைக்குப் போனார்கள். ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வழியிலுள்ள சூலூர்ப்பேட்டை செங்காளம்மன் கோயிலிலும் ஏவுதலுக்கு முன் வழிபடுவது வழக்கமாகிவிட்டது. அறிவியல் நிறுவனம் இப்படிச் செய்யலாமா என்ற கண்டனம் ஒவ்வொரு முறையும் எழுகிறது. ஆனால் அது அறிவியலுக்கும் சமயத்துக்கும் உள்ள உறவு பற்றிய வேறு வழக்கு. விண்ணில் எப்படி வழிபடுவது என்பதை அது தொடுவதில்லை.

தரையோடு கட்டிவைக்கும் இந்த ஏற்பாடு, பூமி அருகில் இருக்கும்வரை தாங்கும். செவ்வாயில் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம். அங்கே குடியேறியவர்கள் தங்கள் சூரியனைப் பார்த்து வாழ்ந்தால், ஏறக்குறைய 37 நாளுக்குள் பூமியின் கணக்கில் ஒரு முழு நாள் பிசகிவிடும். அவர்களுடைய ஏழாம் நாளும் ஜெருசலேமின் ஏழாம் நாளும் பிறகு தற்செயலாகத்தான் சந்திக்கும். நிலவில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து 29½ பூமி நாள். சந்திரயான்-3 இறங்குகலம் வேலை செய்ததே அங்கத்திய ஒரு பகல்தான். நம் கணக்கில் இரண்டு வாரம். அந்த 29½ நாள்தான் இஸ்லாமிய மாதத்தின் அளவும். ஆக, ஒரு ரமலான் முழுவதும் அங்கே ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் நடுவே அடங்கிவிடும். பிறை பார்க்கவும் வழியில்லை. பார்க்க வேண்டிய பிறையின் மேலேயே நோன்பு நோற்பவர் நின்றுகொண்டிருப்பார். அவருக்கு வானத்தில் தேய்ந்து வளர்வது பூமி.

திசை மட்டும் அங்கே எளிதாகிறது. நிலவு எப்போதும் ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டுவதால், அந்த முகத்தில் நிற்பவருக்குப் பூமி உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. ஏறக்குறைய ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பூமியை நோக்கலாம் என்ற மலேசியக் கையேட்டின் மூன்றாம் படி அங்கே முதல் படியாகிவிடும், திசைகாட்டியே தேவைப்படாது. 2019-ல் சீனாவின் சாங்'இ-4 விண்கலம் இறங்கிய மறுபக்கத்தில் நிலைமை வேறு. அங்கே பூமி ஒருபோதும் கண்ணில் படாது. அந்தப் பக்கத்தின் நடுவில் நின்று தொழுபவருக்கு மக்கா, அவர் காலுக்கு நேர் கீழே, நிலவின் முழு விட்டத்தையும் தாண்டி அப்பால் இருக்கும்.